பலூன் அமுக்கின ராத்திரி

ஆவடி என்றால் அரசியல் தெரிந்த தோழர்களுக்கு 1955 ஞாபகம் வரும். அந்த வருசம் சனவரி மாசம் இங்கேதான் காங்கிரஸ் மாநாடு நடந்தது. தேபர் தலைமை. நேரு வந்தார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். சோசலிச மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். எங்க தாத்தா அந்தப் பந்தலுக்கு மூங்கில் சுமந்தவர். கூலியை வாங்கி முடிந்துகொண்டு, தட்டிக்கு வெளியே நின்று நேருவின் குல்லாயை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வார். தீர்மானம் என்னாச்சு தாத்தா என்று கேட்டால் சிரிப்பார்.

"சோசலிசம்னு எவன்டா சொன்னான்? சோசலிசம் மாதிரின்னுதான் சொன்னான். மாதிரின்னா மாதிரிதான்."

நான் பிறந்தது ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டின ஒரு காலனியில். பேர் எதற்கு, எல்லாக் காலனிக்கும் ஒரே பேர்தான், ஊர்க்காரன் வாயில். டாங்கி பாக்டரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். விஜயந்தா டாங்கி 1965ல் அங்கேதான் தயாராகி வெளியே வந்தது. டாங்கி ஓட்டிப் பார்க்கும் சத்தத்தில் எங்க வீட்டு மண்சுவர் உதிரும். எங்க காலனியில் இருந்து அங்கே நிரந்தர வேலைக்குப் போனவர்கள் நாலே பேர். மீதிப் பேருக்கு அம்பத்தூர் எஸ்டேட். எங்க நைனா அங்கே ஒரு பவுண்டரியில் மண் கொட்டுகிற ஆள். பதினாறு வருசம் கொட்டினார். காண்ட்ராக்ட் என்பதால் எந்த ரிஜிஸ்டரிலும் அவர் பேர் ஏறவில்லை. பேர் இல்லை என்றால் ஈ.எஸ்.ஐ. கார்டு இல்லை. அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை அவர் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாகப் போன அன்றைக்கு மட்டும்தான்.

1996. ஆகஸ்டு மாசம். மழை பிடித்திருந்தது. எங்க வீட்டில் அஞ்சு பேருக்கு ரெண்டு பாய். எனக்குப் பதினெட்டு வயசு, தங்கச்சிக்குப் பதினாலு, கடைசித் தம்பிக்கு ஆறு. விடிகாலை மூணு மணி இருக்கும். தம்பி எழுந்து உட்கார்ந்துகொண்டு வயிறு வலிக்குது என்று அழுதான். அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். முதல் நாள் காலனிக் கோயிலில் கூழ் ஊற்றியிருந்தார்கள். கூழ் ஒத்துக்கவில்லை என்று நினைத்தோம். அழுகை அடங்கிவிட்டது, தூங்குகிறான் என்று நாங்களும் படுத்துவிட்டோம்.

விடிந்து பார்த்தால் பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை. முழித்துத்தான் இருக்கிறான். இமை மட்டும் மேலே ஏறவில்லை. பேச்சு மூக்கால் வருது. கொடுத்த தண்ணி உள்ளே போகாமல் கடைவாயில் வழியுது. எங்க ஆயா பார்த்துவிட்டு, "இது சீக்கு இல்லடி, பூச்சி தீண்டிக்கீது" என்றாள். உடம்பெல்லாம் தேடினோம். ஒரு பல் தடம் கிடையாது. கட்டுவிரியன் அப்படித்தான். ராத்திரியில் வரும். தரையில் படுத்திருக்கிறவனைக் கடிக்கும். வீங்காது, எரியாது, தடம்கூடத் தெரியாது. கட்டில் வைத்திருக்கிறவன் வீட்டுக்கும் அது வரும்தான். வந்தாலும் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துவிட்டுப் போய்விடும்.

ஆட்டோ பிடித்தோம். பட்டாபிராம் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி. அந்த வண்டிக்கு எத்தனை பெட்டி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியும், சொல்லப் பிடிக்கவில்லை. முதலில் போனது ஒரு கிளினிக். வாயு என்று ஊசி போட்டு முப்பது ரூபாய் வாங்கினார். அடுத்து ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே இருந்த நர்சம்மா எந்த ஏரியா என்று கேட்டார். நைனா காலனி பேரைச் சொன்னார். "அதானே, தரையில போட்டுப் படுக்க வப்பீங்க" என்றார். திட்டினாரா, இரக்கப்பட்டாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நாங்கள் இறங்கினபோது மணி பதினொன்று ஆகிவிட்டது. கடி விழுந்து எட்டு மணி நேரம்.

அங்கே இருந்த டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்கின உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் தம்பிக்கு மூச்சு மேல்மூச்சாகிக்கொண்டே வந்தது. நெஞ்சை அசைக்கிற சதையெல்லாம் செயல் இழந்துகொண்டு வருது என்றார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். குழாயின் இந்த முனையை மெஷினில் மாட்ட வேண்டும். அந்த வார்டில் மெஷின் ரெண்டு. ரெண்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்று கைக்குழந்தை.

ஒரு ஹவுஸ் சர்ஜன், என்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கலாம், ஒரு ரப்பர் பலூனைக் கொண்டுவந்து குழாயில் மாட்டினார். அம்பு பை என்பது அதன் பேர். நாங்கள் பலூன் என்றோம். அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் பை தானே உப்பும். என் கையைப் பிடித்து அமுக்கிக் காட்டினார். "நீ மூச்சு இழுக்கறப்பல்லாம் அமுக்கு. அவனுக்கும் சேத்து நீதான் இழுக்கற. நிறுத்தாதே." அவருக்கு அந்த ராத்திரி நாற்பது ஐம்பது படுக்கை. போய்விட்டார்.

அமுக்க ஆரம்பித்தோம். நைனா, நான், தங்கச்சி. அம்மாவால் முடியவில்லை, கை நடுங்கியது. ஒருத்தருக்கு ரெண்டு மணி நேரம் என்று பங்கு போட்டுக்கொண்டோம். முதல் மணியில் ஒன்றும் தெரியாது. ரெண்டாவது மணியில் கட்டைவிரல் மரத்துப்போகும். தங்கச்சியின் கை சின்னது, ரெண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். முகம் அவனைப் பார்த்தபடியே இருக்கும். தம்பிக்கு நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. கட்டுவிரியன் விஷம் மூளையை மயக்காது. சதையைத்தான் கட்டிப்போடும். இமையை நான் விரலால் தூக்கினால் கண்மணி என் பக்கம் திரும்பும்.

ஒரு ராத்திரி போச்சு. ஒரு பகல் போச்சு. ரெண்டாம் ராத்திரி ரெண்டு மணிக்கு என் முறை வந்தது. நைனா கட்டிலுக்குக் கீழே படுத்தார், படுத்ததும் குறட்டை வந்துவிட்டது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். மூணரை மணி வாக்கில் அந்த ஹவுஸ் சர்ஜன் வந்தார். குழாயைப் பார்த்தார். நெஞ்சில் காது வைத்தார். டார்ச்சு அடித்துக் கண்ணைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக என் கையைப் பலூனில் இருந்து எடுத்தார். "போதும்பா" என்றார்.

அவர் வந்த நேரத்தில் என் கை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. அது சத்தியம். அதற்கு முன்னால் நான் கண் அசந்தேனா? குழாய் நழுவினது எனக்குத் தெரியாமல் போச்சா? இல்லை, விஷம்தானா? இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நைனா 2009ல் சாகிறவரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருப்பேன். கேட்காததால் இத்தனை வருசமும் கேள்வி மட்டும் இருக்குது.

அப்புறம் நான் ஒரு அச்சகத்தில் கம்போசிங் வேலைக்குச் சேர்ந்தேன். 2003 வாக்கில் ஒரு முதலுதவிக் கையேடு வந்தது. அடித்துக்கொண்டே போகிறேன். பாம்புக்கடி அத்தியாயம். கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றவர்களுக்குச் செயற்கைச் சுவாசம் விடாமல் கொடுத்தால், சில நாளில் சதைகள் தானே மீண்டுவிடும், ஆள் எழுந்து நடப்பான் என்று இருந்தது. அந்த வரியை என் விரலால்தான் அடித்தேன். சில நாள். மருந்துகூட இல்லை, ஒரு மெஷினும், மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும், ஒரு சில நாளும். என் தம்பிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். துட்டு உள்ளவன் பிள்ளைக்கு 1996லும் சென்னையில் அந்த மெஷின் கிடைக்கத்தான் செய்தது.

இதில் ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. விஷமுறிவு மருந்து தயாரிக்க முதலில் விஷம் வேண்டும். குதிரைக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் இருந்துதான் மருந்து எடுக்கிறார்கள். இந்தியாவில் அந்த விஷத்தைப் பெரும்பகுதி கொடுக்கிறவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்காரர்கள். 1978ல் ஆரம்பித்த சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலையும் வயலிலும் வரப்பிலும் கையால் பிடித்து வருகிறவர்கள் இருளர்கள். நாட்டுக்கே உயிர்மருந்துக்கு மூலம் கொடுக்கிற அந்தச் சனங்களின் குடிசைகளை நீங்கள் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தரையில்தான் தூங்குகிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017ல். இந்தியாவில் வருசத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் பேர் சாகிறார்கள் என்று 2020ல் ஒரு ஆய்வு கணக்குச் சொன்னது. யாருடைய வீட்டில் யார் செத்தார்கள் என்பதை அந்தத் தொகையில் பார்க்க முடியாது. பார்க்கிற மாதிரி வேறு ஒரு கணக்கு இருக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் அஞ்சு வயசு முடிவதற்குள் சாகிறது எத்தனை என்று பிரித்துக் காட்டினார்கள். நாட்டிலேயே மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் ஏறக்குறைய 72. மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் 23. சாதிவாரியாகப் பார்த்தால் பட்டியல் சாதியில் 56. பட்டியலிலும் பிற்பட்டோரிலும் சேராத 'மற்றவர்' வீடுகளில் 39. தமிழ்நாடு இதைவிட எவ்வளவோ மேல். இருக்கிற நல்லதை இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை இல்லை. அந்த நல்லது எப்படி வந்தது, யாருக்கு எவ்வளவு தூரம் வந்தது என்பதுதான் என் பேச்சு.

அடுத்த கதை அதைப் பற்றித்தான். இது என் தங்கச்சி கதை.

அவள் பத்தாவதோடு நின்றாள். கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை பெயிண்டர். 2010ல் ஒரு பையன். 2014ல் இருந்து அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஹவுஸ்கீப்பிங் என்றால் வேறொன்றும் இல்லை, துடைப்பமும் மாப்பும்தான். இங்கிலீஷ் பேர் வைத்தால் வேலை மாறாது, ஆளும் மாறாது. அந்த ஆஸ்பத்திரியில் துடைக்கிற, கழுவுகிற, பிணம் தள்ளுகிற ஆளில் முக்கால்வாசி எங்க சனங்க. மீதி அருந்ததியர். அவளுக்குப் போட்டது குழந்தைகள் ஐ.சி.யூ. உள்ளே போக ஒரு செருப்பு, வெளியே வர ஒரு செருப்பு. தரையில் மருந்துத் தண்ணி ஊற்றி ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்க வேண்டும்.

துடைக்கிறவளுக்குக் காது இருக்கிறது என்பதை அங்கே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. டாக்டர் நர்சுக்குச் சொல்வதை இவள் கேட்பாள். நர்சு தாய்க்குச் சொல்வதைக் கேட்பாள். மூணு வருசத்தில் அவளுக்கு அந்த மானிட்டரில் பச்சை நம்பர் என்ன, நீல நம்பர் என்ன என்று தெரிந்துபோச்சு. எந்த டப்பா சத்தம் போட்டால் ஓடணும், எதற்கு ஓட வேண்டியதில்லை என்பதும் தெரியும். "நம்ம தம்பிக்கு வாங்க முடியாத மெஷின் இங்க ஆறு கீதுண்ணா. ரெண்டு சும்மாவே துணி போத்தி நிக்குது. நான்தான் தொடைக்கிறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அழவில்லை. எண்ணிக்கை சொல்கிற மாதிரி சொன்னாள்.

2017. தமிழ்நாட்டில் அந்த வருசம் டெங்கு. அரசாங்கக் கணக்கிலேயே 23,000 பேருக்கு மேல் காய்ச்சல், 65 சாவு. அக்டோபரில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கொதித்தது. அஞ்சாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது. மாப்பிள்ளை சந்தோசமாகத் தோசை வாங்கப் போனார். தங்கச்சி வேலையில் இருந்து வந்து யூனிபாரம்கூட மாற்றாமல் பையனின் பாதத்தைத் தொட்டாள். எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, காய்ச்ச வுட்டுடுச்சு. காலு ஜில்லுன்னு கீது. மத்தியானத்துலேந்து ஒண்ணுக்குப் போவல. வவுறு வலிக்குதுங்கறான். நீ உடனே வா."

அவள் சொன்ன மூணும் மூணு ஆணி. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக்குழாயில் இருந்து தண்ணி கசிய ஆரம்பிக்கும். கசிந்தால் உள்ளே அழுத்தம் குறையும், கை கால் சில்லிடும், மூத்திரம் நிற்கும். அந்த ஒரு நாள், ரெண்டு நாளைத் தாண்ட வேண்டும். எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சலைன் ஏற்றி, மணிக்கு மணி பார்த்து, கூட்டிக் குறைக்க வேண்டும். குறைந்தாலும் சாவு, கூடினாலும் நுரையீரலில் தண்ணி கோத்துச் சாவு. அதனால் அதில் பெரிய செலவு மருந்து இல்லை. விடிய விடியத் தூங்காமல் பக்கத்திலேயே நிற்கிற ஆள்தான். நர்சு சம்பளம்தான். இதெல்லாம் எனக்குத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அவளுக்குச் சொன்னவர்கள் அவளுக்கென்று சொல்லவில்லை.

பக்கம் என்பதால் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனோம். கவுண்டரில் அம்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். கட்டினால்தான் ஐ.சி.யூ.வில் பெட். அவள் அங்கே வேலை செய்கிறவள் என்றேன். அந்தப் பெண் யூனிபாரத்தை எட்டிப் பார்த்தாள். முதுகில் எழுதியிருந்தது காண்ட்ராக்டர் கம்பெனி பேர். "இவங்க ஏஜென்சி ஆளு சார், ஸ்டாஃப் கன்செஷன் வராது." சம்பளத்தில் மாசாமாசம் ஈ.எஸ்.ஐ. என்று பிடித்தம் உண்டு. கார்டு மட்டும் மூணு வருசமாக வரவில்லை. நைனாவுக்குப் பேரே ஏறவில்லை. இவளுக்குப் பேர் ஏறி, காசு பிடித்து, கார்டு வராமல் போச்சு. அந்த அளவுக்கு முன்னேற்றம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா என்று கேட்டார்கள். இல்லை. அந்த அட்டைக்கு அப்போது குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தங்கச்சிக்கு மாசம் எட்டாயிரம். வருசத்துக்கு 96,000. மாப்பிள்ளை கூலி தனி. வி.ஏ.ஓ.விடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள், பைத்தியக்காரி. அட்டை வாங்கும் அளவுக்கு அவள் ஏழை இல்லை. அட்வான்ஸ் கட்டும் அளவுக்குப் பணக்காரியும் இல்லை. ஆறு மாசச் சம்பளத்துக்கு மேலே அந்த அம்பதாயிரம். (அந்த வரம்பை 1,20,000 ஆக உயர்த்தினது 2022ல்.)

நான் அட்வான்சுக்கு யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு நின்றேன். அச்சக முதலாளி, சீட்டுக்காரம்மா, இயக்கத் தோழர் ஒருத்தர். இருபது நிமிசம் போயிருக்கும். தங்கச்சி என் கையில் இருந்து போனைப் பிடுங்கினாள்.

"துட்டு தேடற நேரம் இல்லண்ணா இது. ஒரு வாட்டி அமுக்கிட்டுப் பாத்தோம். போதும். 108 கூப்புடு. எயும்பூர் போலாம்."

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008ல். வந்தது வண்டி. வண்டியில் இருந்த பையன் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உடனே கையில் ஊசி போட்டு சலைன் மாட்டினான். சி.டி.எச். ரோட்டில் பாடி தாண்டுகிறவரைக்கும் அவள் பையனின் பாதத்தை விடவில்லை. ஹால்ஸ் ரோட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இறங்கின உடனே எடுத்துக்கொண்டு போனார்கள். யார் என்ன சாதி, எவ்வளவு கையில் இருக்கு, ஒரு கேள்வி இல்லை. அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மணிக்கு மணி பார்த்தார்கள். மூணாம் நாள் பையன் மூத்திரம் போனதை நர்சு ஒரு டம்ளரில் அளந்து எழுதினபோது தங்கச்சி சத்தமாகச் சிரித்தாள். பக்கத்துப் பெட் அம்மாவும் சிரித்தாள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பில் இல்லை.

அதே 2017 ஆகஸ்டில் கோரக்பூரில், அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், சில நாளுக்குள் அறுபதுக்கு மேல் பிள்ளைகள் செத்தார்கள். சப்ளை கம்பெனிக்குப் பாக்கி வைத்ததால் ஆக்சிஜன் நின்றது என்று செய்தி வந்தது. ஆக்சிஜனால் சாகவில்லை என்று அரசு மறுத்தது. அங்கேயும் உறவுக்காரர்கள் கையில் பலூன் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். படித்த அன்றைக்கு என் கட்டைவிரல் மரத்தது. உளறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மரத்தது.

காப்பீட்டுத் திட்டத்தை நான் எதிர்ப்பவன் இல்லை. 2009ல் கலைஞர் பேரில் வந்தது, 2012ல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறினது, எங்க காலனியிலேயே ஒரு பெண் பிள்ளைக்கு அதில் இதய ஆபரேசன் நடந்து நன்றாக இருக்கிறாள். ஆனாலும் என் வயிற்றெரிச்சல் இது: கம்பெனிக்குக் கட்டுகிற பிரீமியத்தில் ஒரு பங்கு ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. படுக்கையாகவும், அதற்கு ராத்திரி நர்சாகவும் வந்திருக்கக் கூடாதா? டெங்கு வந்த பிள்ளைக்கு ஆவடியில் இருந்து எழும்பூர் இருபது கிலோமீட்டருக்கு மேல். தங்கச்சிக்குக் கேட்ட காது இருந்ததால் பையன் பிழைத்தான். தோசை வாங்கப் போன மாப்பிள்ளைக்குத் தெரிந்தது மட்டும் இருந்திருந்தால்?

2021ல் நாமக்கல் மாவட்டத்து ஒரு சின்னக் குழந்தைக்குத் தசைநார்ச் சிதைவு நோய். ஒரே ஊசி, பதினாறு கோடி. சனங்கள் நூறும் ஆயிரமுமாகப் போட்டுச் சேர்த்தார்கள். இறக்குமதி வரியை ஒன்றிய அரசு தள்ளுபடி செய்தது. நானும் இருநூறு ரூபாய் போட்டேன். 2022ல் எங்க ஆவடிப் பக்கத்திலேயே ஒரு சிறுமிக்கு முகம் சிதைகிற நோய். பல வருசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். டி.வி.யில் வந்த பிறகு முதலமைச்சர் தலையிட்டார். பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இலவசமாக ஆபரேசன் நடந்தது. முதலமைச்சரே போய்ப் பார்த்தார். ரெண்டு பிள்ளைக்காகவும் சந்தோசம்தான். எங்க தெருவில் ஆயா ஒருத்தி கேட்டாள்: "டி.வி.காரன் வூட்டு அட்ரசு எங்கடா கெடைக்கும்?"

அம்பேத்கர் தன் அனுபவக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார். 1929ல் கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து உடம்பு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ரெண்டு ரூபாய் பீசுக்கு ஒத்துக்கொண்டு, அவளைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொல்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். முஸ்லிம் புருசன் கையில் கொடுக்கிறார். புருசன் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியாகத் தெர்மாமீட்டர் திரும்பி வருகிறது. அந்தப் பெண் செத்துப்போனாள். அம்பேத்கருக்குப் பிறந்த அஞ்சு பிள்ளைகளில் நாலு பேர் சின்ன வயசிலேயே போனார்கள். கடைசியாகப் போன ராசரத்தினம் 1926 சூலையில், நிமோனியாவில். எவ்வளவோ எழுதினவர். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினது ரொம்பக் கொஞ்சம். அது ஏன் என்று என் நைனாவை நினைத்தால் எனக்கு விளங்குகிறது.

தெர்மாமீட்டரை இப்போது யாரும் கை மாற்றிக் கொடுப்பதில்லை. என் தங்கச்சியை அந்த ஐ.சி.யூ.வுக்குள் தாராளமாக விடுகிறார்கள். மாப்போடு.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாளே அவள் வேலைக்குப் போனாள். ஆறு நாள் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது அவளுக்கு. கவுண்டரில் அட்வான்ஸ் கேட்டு முகம் செத்து நிற்கிற தகப்பனைப் பார்த்தால், லிப்டு பக்கம் ஒதுங்கினபோது மெதுவாகச் சொல்லிவிடுவாள். "எயும்பூர் போங்க. இங்க நின்னு துட்டு தேடாதீங்க. காலு ஜில்லுன்னு கீதா பாருங்க. ஒண்ணுக்குப் போனானா பாருங்க." எத்தனை பேருக்குச் சொன்னாளோ. போன வருசம் ஒருத்தர் பிள்ளை பிழைத்த சந்தோசத்தில் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து, இங்கே மாப் போடுற அம்மா எங்கே என்று கவுண்டரிலேயே கேட்டுவிட்டார்.

சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை. அடித்தளத்தில் துணி வெளுக்கிற பக்கம் மாற்றிவிட்டார்கள். சோடா நெடி, கை தோல் உரியுது என்கிறாள். குழந்தைகள் ஐ.சி.யூ. விரிப்புகள் அங்கேயும் வரும். மற்ற விரிப்பைவிட அளவில் சின்னது, மடிக்கும்போதே தெரிந்துவிடுமாம். எத்தனை வருது என்று தினமும் எண்ணுகிறாளாம்.